மொட்டைக் கடுதாசி ஆய்வுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு மலரில் ஊர் வாட்ஸ்அப் குழுக்களைப் பற்றி வந்த கட்டுரையில், "வேலையற்ற பெரியவர்கள் நடத்தும் இக்குழுக்களால் வதந்தியைத் தவிர வேறொன்றும் விளைவதில்லை என்று ஆய்வுகள் கூறுகின்றன" என்று ஒரு வரி. அந்த வேலையற்ற பெரியவர் நான்தான். வீரவநல்லூர் பக்கம் 31 வருஷம் தபால் கொடுத்துவிட்டு, இப்போது 430 பேர் உள்ள ஊர்க்குழுவுக்கு அட்மினாக இருக்கிறேன். எந்த ஆய்வு, யார் செய்தது, எந்த வருஷம் என்று கட்டுரையில் மூச்சே இல்லை. எங்கள் இலாகாவில் இதற்கு மொட்டைக் கடுதாசி என்று பெயர்.

வதந்தி வரவில்லை என்று சாதிக்க மாட்டேன். 2023 டிசம்பர் 17 மழை தங்களுக்குத் தெரியாததல்ல. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அன்று ராத்திரி எங்கள் குழுவில் "அணை உடைஞ்சிருச்சு, ஓடுங்க" என்று ஒரு குரல்பதிவு. எங்கள் தெருப் பெரியம்மை ரேஷன் கார்டையும் ஒரு கோழியையும் இடுக்கிக்கொண்டு பள்ளிக்கூட மாடிக்கு ஓடினார். அணைக்கு ஒன்றும் ஆகவில்லை. அனுப்பினவரைக் கேட்டால், "நான் அனுப்பலேன்னா வேற எவனாவது அனுப்பியிருப்பாம்லா, அண்ணாச்சி" என்றார். எல்லார் முன்னாலும் அவரை நாறடித்தேன். அவர் வெளியேறினார், கூடவே அவர் சொக்காரர்கள் பதினோரு பேரும் போனார்கள்.

என் பேத்திதான், "தாத்தா, இதையெல்லாம் ஆராய்ச்சி பண்ணி வச்சிருக்காங்க" என்று கூகுள் ஸ்காலரில் தேடி, படித்துத் தமிழில் சொன்னாள். எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அம்மையார், 2009இல் பொருளாதார நோபல் வாங்கியவர். பொதுச்சொத்தை ஊரே நெடுங்காலம் காப்பாற்றிய இடங்களில், தப்பு செய்தவனுக்கு முதலில் சின்னத் தண்டனை, திரும்பச் செய்தால்தான் பெரிசு என்று 1990லேயே எழுதியிருக்கிறார். எங்கள் ஊரிலும் மடைப் பலகையைத் திருட்டுத்தனமாகத் தூக்கினவனிடம், வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் நீர்ப்பாய்ச்சி முதலில் தனியாகத்தான் பேசுவார். இது எனக்குத் தெரியாதா? செல்போன் கையில் வந்ததும் மறந்துபோனது. குரல்பதிவு அனுப்பினவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து பேசித்தான் திரும்பச் சேர்த்தேன்.

இன்னொன்று, நேதன் மத்தியாஸ் என்ற ஆய்வாளர் 2019இல் வெளியிட்டது. ரெட்டிட் என்ற இணைய உரையாடல் தளத்தின் அறிவியல் பகுதியில் 2,190 உரையாடல்களை வைத்துச் செய்த சோதனை. விதிகளை மேலே பார்வையில் படும்படி போட்டதும், புதியவர்கள் விதிப்படி நடப்பது 8 சதவீதப் புள்ளிக்கு மேல் கூடியது. அதைவிட, பேச வந்த புதியவர்களே சராசரியாக 70 சதவீதம் கூடினார்கள். விதி போட்டால் ஆட்கள் வாயை மூடிக்கொள்வார்கள் என்றல்லவா நினைத்திருந்தேன்? எங்கள் குழுவிலும் ஐந்து விதியை எழுதி மேலே பின் செய்தேன். ஒரு வருஷமாக வாய் திறக்காத மருமகள் ஒருத்தி மறுநாளே கேட்டாள்: "நம்ம ரேஷன் கடைல பாமாயில் வந்துட்டா மாமா?"

இதற்கே நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. பாதிக் கட்டுரைகள் பணம் கட்டினால்தான் திறக்கின்றன. 2025 முதல் மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாயில், ஆய்விதழ்களைப் படிக்க 'ஒரே நாடு ஒரே சந்தா' என்கிறார்கள். அது அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத்தான். வரி கட்டும்போது மட்டும் நானும் நாட்டில் சேர்த்தி. ஒரு கல்லூரி நூலகத்தில் வாசற்படியிலேயே "நீங்க யாரு?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

அதையும் விடுங்கள். சில வருஷம் முன்னால் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் வந்து எங்கள் குழுவில் நாற்பது கேள்வி கேட்டார். காப்பி கொடுத்தோம், மத்தியானம் சோறும் போட்டோம். முடிவைச் சொல்கிறேன் என்று போனவர் போனவர்தான். பேத்தி, ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் சோத்கங்கா என்ற இணையதளத்தில் தேடி அந்த ஆய்வேட்டை எடுத்தாள். முழுக்க இங்கிலீஷ். அதில் நான் 'பதிலளிப்பாளர் 17'. முதியோர்கள் சரிபார்க்காமல் செய்தி அனுப்புகிறார்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு. எங்களைக் கேட்டே எழுதியதை எங்களிடம் ஒரு பக்கம் தமிழில் சொல்ல ஆளில்லை. உங்கள் கட்டுரையாளரின் 'ஆய்வுகள்' அதுதானோ என்னவோ.

உங்களிடம் கேட்பது பெரிசு இல்லை. இனிமேல் 'ஆய்வுகள் கூறுகின்றன' என்று போட்டால், கட்டுரைக்கு அடியில் ஆய்வாளர் பெயரும் வருஷமும் ஒரு வரி போடுங்கள். மிச்சத்தைப் பேத்தி தேடிக்கொள்வாள். இடம் போதவில்லை என்று போன தடவைபோல என் கடிதத்தின் பின்பாதியை வெட்டுவதானால், தயவுசெய்து முன்பாதியை வெட்டுங்கள்.

இப்படிக்கு,
பதிலளிப்பாளர் 17,
வீரவநல்லூர்.