நம்பி நாராயணன் பிறந்த ஊரிலிருந்து ஒரு மடல்

கன்னியாகுமரி மக்களவை உறுப்பினர் அவர்களுக்கு,

வணக்கம். உளவு அமைப்புகளை நாடாளுமன்றம் கண்காணிக்க ஒரு சட்டம் வேண்டும் என்று கேட்டு எழுதுகிறேன். நாகர்கோவிலில் பிறந்து, இங்குள்ள டி.வி.டி. பள்ளியில் படித்து, இஸ்ரோவில் விகாஸ் ராக்கெட் எஞ்சினை உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர் நம்பி நாராயணன். 1994 நவம்பர் 30 அன்று, ராக்கெட் ரகசியங்களை வெளிநாட்டுக்குக் கொடுத்தார் என்ற உளவு வழக்கில் கைதானார். கேரள போலீஸ் மட்டுமல்ல, மத்திய உளவுத்துறையான ஐ.பி. அதிகாரிகளும் அவரை விசாரித்தார்கள். மயங்கி விழும்வரை நிற்க வைத்தார்கள், அடித்தார்கள், இஸ்ரோவின் மேலதிகாரிகள் மீது பொய்க் குற்றம் சொல்லச் சொன்னார்கள் என்று அவரே கூறியிருக்கிறார். 50 நாள் சிறை. 1996இலேயே வழக்கில் உண்மை இல்லை என்று சிபிஐ அறிக்கை கொடுத்துவிட்டது. ஆனால் அவரைத் தேவையின்றிக் கைது செய்து துன்புறுத்தினார்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கியது 2018 செப்டம்பரில்தான்.

நாடறிந்த விஞ்ஞானிக்கே ஏறக்குறைய 24 ஆண்டு பிடித்தது. தூத்தூர் மீனவருக்கோ குலசேகரத்து ரப்பர் தொழிலாளிக்கோ இப்படி நேர்ந்தால் யாரிடம் போய் முறையிடுவார்?

ஐ.பி. 1887 முதல் இயங்குகிறது, வெளிநாடுகளில் உளவு பார்க்கும் ரா 1968 முதல். இவற்றின் அதிகாரம் எது, எல்லை எது என்று வரையறுக்கும் சட்டம் எதையும் நாடாளுமன்றம் இன்றுவரை இயற்றவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஊழல், மனித உரிமை மீறல் புகார்கள் நீங்கலாக, இவற்றுக்கு விலக்குத் தருகிறது. தொலைபேசி ஒட்டுக்கேட்பைப் பாருங்கள். உத்தரவு போடுவது உள்துறைச் செயலர், அதைச் சரிபார்ப்பது அமைச்சரவைச் செயலர் தலைமையிலான செயலர்கள் குழு. நீதிபதியும் இல்லை, எதிர்க்கட்சி எம்.பி.யும் இல்லை. மத்திய அரசு மட்டும் மாதத்துக்கு 7,500 முதல் 9,000 உத்தரவுகள் போடுகிறது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் அந்தக் குழு ஒரே அமர்வில் 15,000க்கு மேல் பார்க்க வேண்டியிருக்கிறது என்று தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றி ஆராய்ந்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் எழுதியது. அத்தனை கோப்பை எந்த மனிதரால் படிக்க முடியும்? கையெழுத்து வேண்டுமானால் போடலாம்.

உளவுத்துறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2008இல் மும்பையைத் தாக்கியவர்கள் மீன்பிடிப் படகைக் கடத்தித்தான் வந்தார்கள். அதன்பின் நம் கடற்கரையிலும் கெடுபிடி கூடியது. படகின் பதிவெண், அடையாள அட்டை, எத்தனை பேர் போகிறார்கள் என்ற கணக்கு எல்லாவற்றையும் மீனவர் கேட்டவுடன் காட்டியாக வேண்டும். நாட்டின் பாதுகாப்புக்கு என்பதால் பொறுத்துக்கொள்கிறார். அவரிடம் கணக்குக் கேட்கும் அரசு, தன் உளவு அமைப்புகளின் கணக்கையும் ஓர் இடத்தில் ஒப்படைக்கத்தானே வேண்டும்?

அமெரிக்க செனட் 1976இலேயே உளவு அமைப்புகளைக் கண்காணிக்கவென நிலையான குழு அமைத்தது. பிரிட்டனில் 1994இல் சட்டப்படி எம்.பி.க்கள் குழு வந்தது. அதனால் அவர்களின் உளவுத்துறை முடங்கிப்போய்விடவில்லை. இங்கே இதற்காக 2011இல் காங்கிரஸ் எம்.பி. மணீஷ் திவாரி கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.

அதை நீங்கள் கையில் எடுங்கள். ரகசியக் காப்பு உறுதிமொழி எடுத்த, எதிர்க்கட்சியினரும் இருக்கிற நாடாளுமன்றக் குழு வேண்டும். கோப்புகளைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் அதிகாரம் அதற்கு வேண்டும். பாதிக்கப்பட்டவர் தமிழிலேயே எழுதிப்போட்டாலும் ஏற்று விசாரிக்கும், ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான தனி அமைப்பும் வேண்டும். அடுத்த கூட்டத்தொடரில் இந்த மசோதாவுக்கு நோட்டீஸ் கொடுப்பீர்களா என்பதைத் தொகுதி மக்களுக்குப் பகிரங்கமாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நாகர்கோவில் வாக்காளர் ஒருவர்