கார்டு அப்புறம், கணக்கு முதலில்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குழந்தைகளுக்கான வங்கிக் கணக்கு, டெபிட் கார்டு விளம்பரங்கள் இப்போதெல்லாம் பேப்பரில் அரைப் பக்கத்துக்கு வருகின்றன. யானையா, ராக்கெட்டா, கார்டில் என்ன படம் வேண்டும் என்று பிள்ளையே தேர்ந்தெடுக்கலாமாம். அதைப் பார்த்துத்தான் நானும் எட்டு வயது மகளுக்கு ஒன்று வாங்கினேன். வாங்கிப் பட்டதை எழுதுகிறேன், இடம் இருந்தால் போடுங்கள்.

ஒரு நாள் கடையில் பென்சில் பாக்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு, வரிசையில் நின்று, தானே கார்டை நீட்டினாள். மெஷின் ஏற்கவில்லை. மறுபடி நீட்டினாள், மறுபடியும் அதே சிவப்பு எழுத்து. பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள். கணக்கில் பணம் இருப்பது எனக்கு நன்றாகத் தெரியும். அப்புறம்தான் விளங்கியது, கணக்கு வேறாம், கார்டு வேறாம். கணக்கிலிருந்து கார்டுக்கு நான் என் போனில் பணத்தை மாற்றிவிட்டால்தான் அது வேலை செய்யும், என் போனோ சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. அவள் அழவில்லை. பாக்ஸை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்து, "பணம் இருக்குன்னு சொன்னீங்களேப்பா" என்றாள், அவ்வளவுதான்.

பழியை முழுக்க அந்த நிறுவனத்தின் மேல் போட மாட்டேன். கேட்க வேண்டியதை நான்தான் கேட்கவில்லை. கார்டு எப்படி இருக்கும் என்று பார்த்தேனே தவிர, பணம் எங்கே, யார் பெயரில் இருக்கும் என்று பார்க்கவில்லை. பிள்ளை பெயரிலேயே திறந்து பெற்றோர் காப்பாளராக இருப்பது ஒரு வகை. நம் கணக்கிலேயே இன்னொரு கார்டு வாங்கிப் பிள்ளை கையில் கொடுப்பது இன்னொரு வகை. அதில் உள்ள பணம் சட்டப்படி நம்முடையது, பிள்ளையுடையது அல்ல. மூன்றாவது, ஏதோ ஒரு ஆப் நிறுவனம் தரும் பிரீபெய்டு கார்டு, பார்வைக்கு டெபிட் கார்டு மாதிரியே இருக்கும், ஆனால் அதன் பின்னால் பிள்ளைக்கென்று வங்கிக் கணக்கே இல்லாமல் இருக்கலாம். வங்கி டெபாசிட்டுக்கு உள்ள காப்பீடு அந்தப் பணத்துக்கும் உண்டா என்று தனியாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 2020 ஜூனில் ஜெர்மனியின் வயர்கார்டு என்ற பணப் பரிமாற்ற நிறுவனம் கவிழ்ந்தபோது, அதை நம்பி பிரிட்டனில் கார்டு கொடுத்துக்கொண்டிருந்த பல ஆப்களின் வாடிக்கையாளர்கள் சில நாட்கள் தங்கள் பணத்தையே தொட முடியாமல் நின்றார்கள். கார்டில் அச்சடித்திருந்த பெயர் ஒன்று, பின்னால் இருந்த நிறுவனம் வேறொன்று.

அடுத்து மாதக் கட்டணம். மாதா மாதம் 100 போட்டு 5 கட்டணம் என்றால் பெரியவர்களுக்கு அது ஒரு தொகையே இல்லை. ஆனால் வருஷத்துக்குப் போட்டது 1,200, போனது 60. அதே 1,200க்கு 3 சதவீத வட்டி தருகிறார்கள் என்றால், மாதா மாதம் சேர்வதால் முதல் வருஷம் 20 கூடத் தேறாது. சேமிக்கக் கற்றுக்கொடுக்கிறோம் என்று சொல்லிவிட்டு, வருவதைப் போல மூன்று மடங்கு கழித்துக்கொள்ளும் கணக்கில் கொண்டுபோய்ப் பிள்ளையை உட்காரவைக்கிறோம். மினிமம் பேலன்ஸ் இல்லாததற்கு அபராதம், தொலைந்த கார்டுக்கு மாற்றுக் கார்டு, வேறு வங்கி ஏடிஎம் என்று மற்றவையும் உண்டு, அதெல்லாம் பொடி எழுத்தில் இருக்கும்.

"இருப்புக்கு மேல் செலவே செய்ய முடியாது சார்" என்பார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் விமானத்துக்குள் விற்கிற சாமான், சில இடங்களில் பயணச் சீட்டுக் கருவி, இவையெல்லாம் அந்த நேரத்தில் வங்கியைக் கேட்காமலே பணத்தை எடுத்துக்கொண்டு பிறகு கணக்கு அனுப்பும். அப்படி வந்து இருப்பு பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் அபராதம் உண்டா, யார் கட்டுவது? இதைக் கேளுங்கள். ஒரு மாதம் இலவசம் என்று கார்டு எண்ணை வாங்கிக்கொண்டு மறு மாதத்திலிருந்து கழிக்கும் விளையாட்டு ஆப்களையும் கணக்கில் கொள்ள வேண்டும். அதற்கு ஆன்லைன் செலவை மட்டும் தனியாகப் பூட்டும் வசதி இருந்தாக வேண்டும், என் பார்வையில் இது இல்லாத கார்டைத் தொடவே கூடாது.

மதுக்கடையில் கார்டு செல்லாது என்பதையும் பெருமையாகச் சொல்வார்கள். கடையின் வகைக்கென்று நான்கு இலக்கக் குறியீடு ஒன்று உண்டு, அதை வைத்துத்தான் தடுக்கிறார்கள். வாங்கும் பொருள் என்ன என்று அதற்குத் தெரியாது. எல்லாம் விற்கும் பெரிய கடை ஒரு மூலையில் மதுவும் விற்றால், பல்பொருள் அங்காடி என்ற குறியீட்டிலேயே பில் ஆகிவிடும்.

பின் நம்பர் கதை தனி. 1967ல் லண்டன் என்ஃபீல்டில் வந்த ஏடிஎம்மை உருவாக்கிய ஷெப்பர்ட்-பாரன், ஆறு இலக்கம் வைக்க நினைத்தாராம். நான்குக்கு மேல் ஞாபகம் நிற்காது என்று மனைவி சொன்னதால் நான்காக்கினேன் என்று பிற்பாடு பேட்டியில் சொல்லியிருக்கிறார். என் மகளுக்கு அந்த நான்கும் நிற்கவில்லை. கார்டுக்குப் பின்னாலேயே ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, மேலே நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தாள். ஏன்டா இப்படி என்றால், இங்கே இருந்தால் தொலையாதே என்கிறாள்.

ஆகவே, சின்னப் பிள்ளைக்கு முதலில் பிள்ளை பெயரில், கட்டணமில்லாத, சாதாரண சேமிப்புக் கணக்கு போதும். பாஸ்புக் தரும் கிளை கிடைத்தால் இன்னும் நல்லது. பின் நம்பரை மனதில் வைக்கிற வயதில் கார்டை, ஒவ்வொரு செலவுக்கும் இரண்டு போனிலும் செய்தி வருகிற மாதிரி வாங்கிக்கொள்ளலாம். இப்படிக் கேட்டுக் கேட்டு வாங்குவது பெற்றோர் பாடு என்று வங்கிகளும் விட்டுவிடக் கூடாது. பணம் யாருடையது, மாதம் எவ்வளவு கழியும், பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் என்ன, பிள்ளை மேஜரானதும் கணக்கு என்னவாகும், இந்த நான்கையும் விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடச் சொல்லி உங்கள் பேப்பர் கேட்கலாமே. விளம்பரத்தில் யானைக்குக் கொடுக்கும் இடத்தில் பாதி போதும்.

கார்டை ரத்து செய்துவிட்டுச் சாதாரணக் கணக்குதான் திறந்தோம். போன வாரம் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வாங்கி வந்தோம். வெளியே வந்து படியில் நின்றுகொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தவள், வட்டி வரவு வைத்திருந்த வரியில் நின்றுவிட்டாள். "இதை நாம போடலையே, யாருப்பா போட்டா?"

இப்படிக்கு,
ஒரு வாசகன்