மச்சாளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம்: உன்ர ஊசி தோத்துப்போச்சு

அன்புள்ள மச்சாள்,

முதல்ல கெட்ட செய்தி. நீ டொரன்டோவில இருந்து அனுப்பின மூங்கில் ஊசி தோத்துப்போச்சு. ஆரிட்ட தோத்தது எண்டு பிறகு சொல்றன். இப்பவே சொன்னா மிச்சத்தை வாசிக்காம போனைத் தூக்கிருவாய்.

இதை ஏன் ஊரே வாசிக்கிற மாதிரிப் போடுறன் எண்டு கேப்பாய். தோத்தவள் பகிரங்கமா ஒத்துக்கொள்ளவேணும் எண்டது போட்டி விதி. விதியை எழுதினதே நான்தான். வெல்லுவன் எண்ட நினைப்பில எழுதினது.

நம்மட மட்டக்களப்புக் கல்லடியில மார்கழி மழை எப்பிடி எண்டு உனக்கு மறந்திருக்காது. ஒழுங்கையெல்லாம் தண்ணி, உடுப்புக் காயாது, கரண்ட் வந்து வந்து போகும். நம்மட விறாந்தையில பின்னல்காரர் ஏழு பேர் கூடுற காலமும் அதுதான். மற்ற மாசங்களில இந்த ஊர்ல கம்பளி நூலைத் தொட ஏலாது. விரல் வேர்த்து நூல் ஊசியில ஒட்டிக்கொண்டு இழுபடும். மழைக்காலத்திலதான் பிள்ளை பெத்த வீடுகளுக்குத் தொப்பியும் மேஸும் (காலுறையும்), நுவரெலியாவில படிப்பிக்கிறவளுக்கு ஒரு சுவெட்டரும் முடியிறது.

சண்டை தொடங்கினது உன்ர ஊசியாலதான். நான் அதை எடுத்து விரிச்சு, "இரும்பு ஊசியெண்டா நூல் கண்ணி வழுக்கி விழும், மூங்கில் பிடிச்சுக்கொள்ளும், கடல் காத்துக்குக் கறளும் பிடிக்காது" எண்டு கொஞ்சம் கூடப் பேசிற்றன். கொக்கி ஊசி வச்சிருக்கிற குரோஷேக்காரர் மூண்டு பேரும் கிளம்பிற்றாளுகள். அவளுகளுக்கு எங்கட ரெட்டை ஊசியே தேவையில்லாத ஆடம்பரம். ரிட்டயர் ஆன டீச்சர் எழும்பி, "சண்டை பிடிக்கிறதெண்டா கவியில பிடிங்க புள்ளையள்" எண்டு சொன்னா.

அப்பதான் கொம்பு விளையாட்டு நினைவு வந்தது. உனக்குத் தெரியும், தெரியாதவைக்குச் சொல்றன்: நம்மட பக்கத்துக் கண்ணகை அம்மன் ஊர்களில வடசேரி, தென்சேரி எண்டு ரெண்டு கட்சி. வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைஞ்ச ரெண்டு மரக் கொம்பை ஒண்டில ஒண்டு கொளுவி, வடம் பூட்டி இழுப்பினம். எது முறியுதோ அந்தக் கட்சி தோல்வி. ஆளை ஆள் வசைக் கவி பாடுறதும் உண்டு. மழை வேணுமெண்டு ஆடுற விளையாட்டை நாங்கள் மழை கூடிப்போய் ஆடினம்.

குரோஷேக்காரர் முந்திக்கொண்டாளுகள். கொம்பு எண்டா கொக்கி, கொக்கி எண்டா எங்கட ஊசி, ஆகவே கண்ணகி எங்கட பக்கம் எண்டு தென்சேரியை எடுத்திற்றாளுகள். மறுத்துச் சொல்ல ஏலாத நியாயம். நாங்கள் வடசேரி. நடுவர் மருதமுனை ராத்தா. தறிக்காரக் குடும்பம், ஆகவே எந்த ஊசிக்கும் சாயமாட்டா. "எங்கட தறி நாடாவுக்கு முன்னால உங்கட ஊசியெல்லாம் நொண்டி" எண்டு சொல்லித்தான் கதிரையில இருந்தா. பரிசு ஒரு சட்டி எருமைத் தயிர்.

நான்தான் முதல் கவி. நீ கேட்டிருந்தா அழுதிருப்பாய்:

மூங்கில் ஊசியடி முத்துப்போல் வழவழப்பு
தாங்கிப் பிடிக்குமடி தவறவிடா என் கண்ணி
ஏங்கி இருந்தவளுக்கு எட்டாம் நம்பர் வந்ததடி
வாங்கி அனுப்பினவள் வாழட்டும் கனடாவில்

கைதட்டல் அடங்கமுதல் தென்சேரியில இருந்து ஒருத்தி என்ர பேத்திக்குப் பின்னின தொப்பியை எடுத்து உயர்த்திக் காட்டினாள். அந்தக் கதையை உனக்கு நான் சொல்லயில்லை. இப்ப சொல்லத்தான் வேணும்.

நீ அனுப்பின ஊசியில 8 எண்டு போட்டிருந்தது. நம்மட பழைய கணக்கில, அதாவது வெள்ளைக்காரன் விட்டிற்றுப் போன கணக்கில, 8 எண்டா 4 மில்லிமீட்டர். நானும் அம்மம்மாட கொப்பியில இருந்த தொப்பிக் கணக்கை அப்பிடியே பிடிச்சுப் பின்னினன். உங்கட கடையில விக்கிறது அமெரிக்க நம்பர். அதில 8 எண்டா 5 மில்லிமீட்டர். அங்க நம்பர் கூடக் கூட ஊசி மொத்தம். இங்க நம்பர் கூடக் கூட ஊசி மெல்லிசு. ஒரு மில்லிமீட்டர்தானே எண்டு நினைக்காத, ஒவ்வொரு கண்ணியிலயும் அது கூடிக்கொண்டே போகும். பிறந்து பத்து நாள் பிள்ளைக்குப் பின்னினது இப்ப தேத்தண்ணிக் கேத்தலுக்கு உடுப்பு. சூடு ஆறாம இருக்கு, குறை சொல்லக்கூடாது.

அவள் பாடினாள்:

எட்டென்று சொன்னதடி எழுத்தில் பொறிச்சதடி
கட்டிப் பின்னினது கைக்குழந்தைத் தொப்பியடி
கொட்டி அளந்தாக்கா ரெண்டு கொத்து நெல் கொள்ளுமடி
மட்டுநகர் எட்டு வேற மச்சாள்ட எட்டு வேற

ராத்தா சிரிச்ச சிரிப்பில வெத்திலைத் தட்டம் கவிண்டுபோச்சு. அப்பவே எனக்கு விளங்கிற்று, தயிர் இந்தப் பக்கம் வராது. மற்றவள் இன்னும் எரிச்சலூட்டினாள். குரோஷேயில எந்த நேரமும் உயிரோட, அதாவது அவிழக்கூடிய மாதிரி, இருக்கிறது ஒரே ஒரு கண்ணி. எங்களுக்கு அப்பிடியில்லை, நூறு கண்ணியும் ஊசியில தொங்கும், ஊசி உருவுப்பட்டா அவ்வளவும் போச்சு. அதைப் பிடிச்சு:

ஒத்தைக் கொக்கியடி ஒரு கண்ணி மட்டுமடி
தத்திக் கழண்டாலும் தவிப்பில்லை எங்களுக்கு
மெத்தக் கண்ணியெல்லாம் மேல ஏத்தி வைச்சவளே
கத்திக் குழறாத கழண்டுபோனா உன் பின்னல்

நாவலடிப் பிள்ளை ஒருத்தி அப்பாட வலை பின்னுற ஊசியைக் கொண்டுவந்து, அதுவும் ஊசிதானே எண்டு நிண்டாள். தட்டையா, நடுவில நாக்கு வச்சு, நைலோன் நூல் சுத்தினது. கவி நல்லம்தான், ஆனா மீன் வாசம் எண்டு ராத்தா புள்ளி குறைச்சா. அது அநியாயம். அண்டைக்கே சொன்னன்.

எங்கட கட்சியில மிச்சம் இருந்தது ஒராள். உன்ர அம்மா.

மாமி மூலையில இருந்து மேஸ் பின்னிக்கொண்டு, ஆரையும் பார்க்கயில்லை. "மாமி, நீங்க பாடுங்க" எண்டன். ஊசியைத் தலைமுடிக்குள்ள ஒருக்கா இழுத்து எண்ணெய் தடவிற்று, எழும்பாமலே பாடினா:

சில்லுக் கம்பியடி சைக்கிளால கழட்டினது
கல்லில உரசியடி கூராக்கித் தந்த மச்சான்
இல்ல இப்ப மச்சானும் இல்ல அந்தச் சைக்கிளும்
சொல்லுங்கடி உங்கட ஊசி சுத்தினதோ ஒரு சில்லு

ஓம் மச்சாள். உன்ர ஊசி தோத்தது மாமாட சைக்கிள் கம்பியிட்ட.

90களில, நீ வயித்தில இருக்கக்குள்ள, மேஸ் பின்னுற மெல்லிசு ஊசி மாமிக்கு எங்கயும் கிடைக்கயில்லையாம். மாமா பின் சில்லில இருந்த 40 கம்பியில நாலைக் கழட்டி, வளைஞ்ச தலையையும் புரி வெட்டின வாலையும் அறுத்து, ரெண்டு பக்கமும் கூராக்கிக் குடுத்திருக்கிறார். மூண்டு கம்பியில கண்ணியை ஏத்தி, நாலாவதால சுத்திச் சுத்திப் பின்னினா மூட்டு இல்லாத மேஸ். உன்ர முதல் மேஸ் அதுதான். சில்லு ஆடி ஆடித்தான் மாமா வேலைக்குப் போனவராம். டீச்சர் தன்ர ஊசி அளக்கிற ஓட்டைத் தகட்டைக் கொண்டுவந்து பார்த்தா. கம்பி 14ஆம் ஓட்டையில சரியா இறங்கிற்று, 2 மில்லிமீட்டர். சைக்கிள் கடையிலயும் அதுக்குப் பேர் 14 கேஜ். நம்மட பழைய ஊசி நம்பரே கம்பி அளக்கிற நம்பர்தானாம். கம்பியைத் தகட்டு ஓட்டைகளால இழுக்க இழுக்க மெல்லிசாகும், நம்பர் கூடும். மாமா கணக்குப் பார்த்துச் செய்தாரோ, கைக்கு வந்ததைக் கழட்டினாரோ, மாமிக்கும் தெரியாது.

ராத்தா ஒரு சொல்லும் சொல்லயில்லை. தயிர்ச் சட்டியைத் தூக்கி மாமிட பக்கத்தில வச்சா. தென்சேரியும் வாய் திறக்கயில்லை. கணக்குக்கு வடசேரி வெண்டதுதான், ஆனா என்ர ஊசி தோத்ததுதானே.

இன்னொண்டும் இருக்கு. நீ போன் எடுக்கக்குள்ளெல்லாம், "அம்மா நான் அனுப்பின வட்ட ஊசியால பின்னுறாவோ" எண்டு கேப்பாய். நாங்கள் எல்லாரும் ஓம் எண்டு சொல்லுவம். பொய். நடுவில வயர் வச்ச அந்த ஊசி பக்கெட் உடைக்காம அலுமாரியில, உன்ர கலியாணப் படத்துக்குப் பக்கத்தில இருக்கு. மழை விட்ட பிறகு மாமிட்ட கேட்டன், "பின்னினா தேஞ்சுபோகும், அது பிள்ளை அனுப்பினது" எண்டு சொன்னா. கோவிக்காத. ஊசி தேயாது எண்டு சொல்லிப் பார்த்தன், ஏறயில்லை.

இனி ஊசி அனுப்பினா நம்பரை விட்டிற்று மில்லிமீட்டரை எழுதி அனுப்பு. அதைவிட நூல் அனுப்பினா நல்லம், பருத்தி நூல். உன்ர சின்னவன்ட காலை நெடுக்குக்கு அளந்து, சென்ரிமீட்டரில எழுது. மாமி சில்லுக் கம்பியில ஒரு சோடி தொடங்கிற்றா, குதிக்கால் திருப்புறதுக்கு அளவு பார்த்துக்கொண்டிருக்கிறா.

தோத்த ஊசியை அனுப்பினவள் பதில் கவி ஒண்டு தரவேணும் எண்டு ராத்தா தீர்ப்பிலயே சொல்லிற்றா. நாலு வரி, எதுகை தவறக்கூடாது. வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பு.

இப்படிக்கு,
தயிர் கிடைக்காத உன்ர மச்சாள்
கல்லடி