துணையிடம் சொல்வதற்கும் வழி செய்யுங்கள்

தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் திட்ட இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு கல்லூரியில், மாணவரிடையே எய்ட்ஸ் விழிப்புணர்வு ஊட்டும் செஞ்சுருள் சங்கத்தின் பொறுப்பாசிரியர். பால்வினைத் தொற்றுக்கு எங்கே போவது என்று கேட்கும் மாணவருக்கு அரசு மருத்துவமனையின் சுகவாழ்வு மையத்தைக் காட்டிவிட முடிகிறது. "அவளிடம் இதை எப்படிச் சார் சொல்வது?" என்ற அடுத்த கேள்விக்குத்தான், "துணையையும் அழைத்து வாருங்கள்" என்பதைத் தவிர வேறு விடை கிடைப்பதில்லை.

மருத்துவ நோக்கில் அந்த அறிவுரை சரியானதே. கிளமிடியா, கொனோரியா என்னும் பால்வினைத் தொற்றுகள் பெண்கள் பலரிடம் எந்த அறிகுறியும் காட்டாமல் தங்கி, கருக்குழாய் வரை பரவிப் பிற்காலக் குழந்தைப்பேற்றையே பாதிக்கக்கூடியவை என்பதால், யாரும் சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்குத் தெரியவே போவதில்லை; மருந்தால் குணமான இளைஞனும் சிகிச்சை பெறாத துணையிடமிருந்து அதே தொற்றை மீண்டும் பெறுகிறான். ஆயினும், அது கணவன் மனைவியை மனத்தில் வைத்துச் சொல்லப்படும் அறிவுரை. காதலிப்பதே வீட்டுக்குத் தெரியாத இருபது வயதுப் பெண், உறவினர் எவரும் எதிர்ப்படக்கூடிய மருத்துவமனை வரிசையில் வந்து நிற்பாளா? பிரிந்துபோன காதல் என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

எனவே, துணையிடம் சொல்ல வேண்டிய சொற்களையே மையத்தின் ஆலோசகர்கள் இளைஞருக்குப் பழக்கித் தர வேண்டுகிறேன். "எனக்கு ஒரு தொற்று இருப்பது பரிசோதனையில் தெரிந்தது, மருந்தில் குணமாகும், உனக்கும் இருக்கலாம், நீயும் பார்த்துக்கொள்" என்ற அளவே போதும். ஹெர்பிஸ் போல முற்றிலும் நீங்காதவற்றுக்கு வேறு சொற்கள் வேண்டும். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற விசாரணையைத் தவிர்க்கச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் மறைந்திருக்கும் தொற்றில் அதைக் கண்டறிவது பெரும்பாலும் இயலாது, சண்டைதான் மிஞ்சும்.

சொன்னால் அடி விழும் என்று அஞ்சும் பெண்ணை வற்புறுத்தலாகாது. அறிவித்தால் வன்முறையோ கைவிடப்படுதலோ நேரும் என்ற நியாயமான அச்சம் இருக்குமிடத்தில் துணைக்குத் தெரிவிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் மருத்துவப் பணியாளருக்கு வரம்பு விதித்திருக்கிறது. அதே அக்கறை சிபிலிஸுக்கும் கொனோரியாவுக்கும் வேண்டும்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2006இல் பரிந்துரைத்ததுபோல் துணைக்குரிய மாத்திரையை நோயாளியிடமே கொடுத்தனுப்புவதை, ஒவ்வாமை, கர்ப்பம் ஆகியவற்றைக் கருதி நான் உடனே கேட்கவில்லை. நோயின் பெயரோ அனுப்பியவரின் பெயரோ இல்லாத, எண் மட்டும் தாங்கிய ஒரு சீட்டைத் துணையிடம் சேர்க்கக் கொடுத்தால் போதும். கோவையில் கொடுத்த சீட்டைத் திருநெல்வேலியில் நீட்டினாலும் மறுகேள்வியின்றி சிகிச்சை கிடைக்கட்டும். வாரம் ஒரு மாலையேனும் மையங்கள் திறந்திருந்தால், வகுப்புக்குச் செல்பவர்களும் அந்தச் சீட்டோடு வர முடியும்.

இப்படிக்கு,
செஞ்சுருள் சங்கப் பொறுப்பாசிரியர் ஒருவர்