சிரிப்புக்குத் துணை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் பூங்காவில் காலையில் 'ஹோ ஹோ, ஹா ஹா' என்று கைதட்டிச் சிரிக்கும் கூட்டத்தைக் கண்டு, நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள். காரணமின்றிச் சிரிப்பது பைத்தியக்காரத்தனம் என்பது அவர்கள் கட்சி.

1995-இல் டாக்டர் மதன் கட்டாரியா மும்பைப் பூங்கா ஒன்றில் ஐந்து பேருடன் இதைத் தொடங்கியபோது, நகைச்சுவைத் துணுக்குகள்தான் முதலீடு. சில நாட்களிலேயே சரக்கு தீர்ந்துவிட்டது. மிஞ்சியவை பிறர் மனத்தைப் புண்படுத்தும் ரகம். துணுக்கே இல்லாமல் சிரிக்கும் பயிற்சி அதன் பிறகுதான் வந்தது. சிரித்தால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஓடிவிடும் என்று சிலர் அடித்துச் சொல்வதை நான் நம்பவில்லை. ஆனால், தனியாக இருப்பதைவிட நாலு பேரோடு இருக்கும்போது 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்று அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் புரோவைன் கண்டறிந்ததை நம்புகிறேன். பெரும்பாலான சிரிப்பு நகைச்சுவைக்கு அல்ல, சாதாரணப் பேச்சுக்கே எழுகிறது என்றும் அவர் கண்டார்.

எங்கள் வீட்டிலோ ஆளுக்கொரு செல்போன். கண்ணீர் வழியச் சிரிக்கும் மஞ்சள் முகத்தை அனுப்புகிறவரின் உதடுகூட அசைவதில்லை. இதற்குப் பூங்காக்காரர்களின் பொய்ச் சிரிப்பு எவ்வளவோ மேல்!

ஞாயிறு மலரில் மட்டும் வரும் துணுக்குகளைத் தினமும் வெளியிடுங்கள். இரவுச் சாப்பாட்டின்போது ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் 'கடி' என்று திட்டவாவது வாய் திறப்பார்கள்.

– வாசகர், மதுரை