சாம்பல் மூட்டையோடு வரும் கடிதம்

நெல்லிக்குப்பம்
வியாழன் இரவு

தம்பிக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். உன் கோழி கருப்பி முட்டை போட்டுவிட்டது என்று நேற்று ராத்திரி நீ சொன்ன பிறகுதான் உங்கப்பா சாப்பிடவே உட்கார்ந்தார். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார், உனக்குத் தெரியாததா.

போனில் பேசினால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். சனிக்கிழமை அப்பா வரும்போது கொண்டுவருவார்.

முதலில் திட்டித் தீர்த்துவிடுகிறேன். மூலையில் ஒதுங்கி நிற்கிற கருப்பியைப் போட்டோ பிடித்து அனுப்பினாய். கீழே வெள்ளையாக எச்சம். பக்கத்து வீட்டில் வெள்ளைக் கழிச்சல் என்று சொல்லிவிட்டார்கள். உடனே நீ, போன மாசம் உனக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த ஆன்டிபயாடிக் மாத்திரையை உடைத்துத் தண்ணியில் கரைத்து வைத்துக்கொண்டு, "எத்தனை சொட்டும்மா?" என்கிறாய். கோழியைத் தூக்கிப் பார்த்தாயாடா என்றேன். பதில் இல்லை. போட்டோவில் கோழி தெரிகிறது, அதன் மூச்சு எனக்குத் தெரியுமா?

கோழிக்கு மூத்திரம் தனியாகப் போகாது. எச்சத்தின் தலையில் சுண்ணாம்பு தடவினாற்போல வெள்ளையாக இருக்கிறதே, அதுதான் அதன் மூத்திரம். நல்லாயிருக்கிற கோழிக்கும் அது உண்டு. நடுநடுவே பழுப்பாக, களி மாதிரி, மூக்கைப் பிடிக்கிற நாற்றத்தோடு ஒன்று போகும். அதுவும் நோய் இல்லை. வெள்ளைக் கழிச்சல் என்றால் வெள்ளையும் பச்சையுமாகத் தண்ணியாகப் பீச்சும். பின்பக்க இறகெல்லாம் ஒட்டிப் பிசுபிசுக்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும், இறக்கை தொங்கும், இரண்டொரு நாளில் கழுத்து முறுக்கிக்கொள்ளும்.

கருப்பிக்கு இதில் ஒன்றும் இல்லை. முட்டை உள்ளே அடைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். வெடைக்கோழி, இப்போதுதான் முட்டைக்கு வந்திருக்கிறது. வால் தொங்க, மனுஷன் மாதிரி நிமிர்ந்து நின்றது. கூடைக்குள் போவதும் வருவதும் முக்குவதுமாக இருந்தது. நான் சொல்லி நீ பின்பக்கம் அடிவயிற்றில் விரல் வைத்ததும், "அம்மா, கல்லு மாதிரி உருண்டையா இருக்கு!" என்று கத்தினாயே, அந்த விரல்தான் டாக்டர். கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர், இருபது நிமிஷம் உட்கார வைத்தது, துடைத்து இருட்டில் விட்டது, எல்லாம் சரியாகச் செய்தாய். போனில் சொல்ல விட்டுப்போனது ஒன்று. முட்டை வரட்டும் என்று வயிற்றை அமுக்கிப் பிதுக்காதே. உள்ளே உடைந்துவிட்டால் கோழி பிழைப்பது கஷ்டம். இன்னொரு தடவை இப்படி ஆகி, வெந்நீருக்கும் வரவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடு. உனக்கென்ன, பக்கத்திலேயே குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

உடம்பில் சுண்ணாம்புச் சத்து குறைந்தாலும் முட்டை அடைத்துக்கொள்ளும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சலை இடித்து அனுப்புகிறேன். தீனியில் கலக்காதே. ஒரு கொட்டாங்குச்சியில் தனியாக வை. வேண்டிய கோழி வேண்டியதைக் கொத்திக்கொள்ளும்.

இனி தினமும் காலையில் கூண்டைத் திறந்துவிட்டு ஐந்து நிமிஷம் சும்மா நில். போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு நில். எது கடைசியாக வெளியே வருகிறது, எது தீனிக்கு ஓடிவராமல் தூங்கி விழுகிறது என்று பார். கோழி தன் நோயைக் கடைசிவரை மறைக்கும். நமக்குத் தெரியும்போது பாதி முடிந்திருக்கும். சந்தேகமாக இருப்பதைத் தூக்கித் தீனிப்பையைத் தடவு. ராத்திரி தின்றது செரித்து, காலையில் அது காலியாக இருக்க வேண்டும். கல்லாக இருந்தால் நீளப் புல்லோ சணலோ அடைத்திருக்கும். தண்ணீர்ப் பை மாதிரி தளதளவென்று, வாயில் புளித்த வாடை வந்தால் அது வேறு வியாதி. நெஞ்செலும்பு கத்தி மாதிரி கைக்குத் தட்டுப்பட்டால் ரொம்ப நாளாகவே இளைக்கிறது என்று அர்த்தம், குடற்புழுவாக இருக்கலாம். அப்புறம் பின்பக்க இறகை விலக்கிப் பார், பேன் அங்கேதான் மேயும். அதற்குத்தான் இந்தச் சாம்பல் மூட்டை. விறகுச் சாம்பல், சலித்தது. காய்ந்த மணலோடு கலந்து மழை படாத மூலையில் கொட்டிவை, அவை புரண்டு குளிக்கும்.

மருந்தோ தண்ணியோ, வாயைப் பிளந்து ஊற்றாதே. நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழாய் திறந்திருக்கிறது. அலகு ஓரத்தில் சொட்டு சொட்டாக விடு, அதுவே விழுங்கும்.

வெள்ளைக் கழிச்சலைப் பற்றி நான் ஏன் இத்தனை எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியாது. நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். 2011 டிசம்பர் 30 தானே புயலில் பலாமரம் கூண்டு மேலேயே சாய்ந்ததே, ஒன்பது கோழி மிஞ்சியது. பொங்கல் கழித்து நான் சந்தைக்குப் போய் நாலு பெட்டை வாங்கிவந்தேன். ஒன்றுக்குக் கண்ணில் லேசாகத் தண்ணி. பயணக் களைப்பு என்று நினைத்து, அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் ஒரே பஞ்சாரத்தில் கவிழ்த்தேன். ஆறாம் நாள் அது கழுத்தை முறுக்கிக்கொண்டு விழுந்தது. அப்புறம் தினம் ஒன்று, இரண்டு. சீரகமும் மஞ்சளும் கீழாநெல்லியும் அரைத்து உருட்டி உருட்டிக் கொடுத்தேன். பதிமூன்றில் இரண்டுதான் மிச்சம். உன் ஆயா வளர்த்த அந்தச் செவலைச் சேவலும் போயிற்று. விற்றவரை நான் ஒன்றும் சொல்லமாட்டேன். கண்ணில் தண்ணியைப் பார்த்தது நான்தானே.

அதற்கு மருந்து கிடையாது. தடுப்பூசிதான் உண்டு. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, எட்டாவது வாரத்தில் இறக்கைக்கடியில் ஊசி. அதையும் நல்லாயிருக்கும்போதே போடவேண்டும், நோய் வந்த பிறகு போட்டுப் பிரயோஜனம் இல்லை. உன்னுடைய ஐந்துக்கும் போட்டிருக்கிறதா என்று விற்றவரிடம் கேள். தெரியாது என்றால் டாக்டரிடம் கேட்டுப் போட்டுவிடு. புதிதாக எது வாங்கினாலும் மூன்று வாரமாவது தனியாக வை, தீனித் தட்டும் தனி.

கார்த்திகை மழைக்குக் கொசு ஏறும், கூடவே கோழி அம்மையும் வரும். கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் மிளகு மிளகாகக் கொப்புளம். பக்கைப் பிய்க்காதே. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசு, கண்ணுக்குள் படாமல். பெரும்பாலும் மூணு நாலு வாரத்தில் உதிர்ந்துவிடும். வாய்க்குள்ளும் வந்து தின்ன முடியாமல் போனால்தான் டாக்டர். குஞ்சு பொரித்தால் ரத்தக் கழிச்சல் பற்றிச் சொல்கிறேன். இப்போதைக்குக் கூண்டுத் தரை ஈரமில்லாமல் இருந்தால் போதும்.

உன் தெருவில் நாய் ஜாஸ்தி என்று மருமகள் சொன்னாள். நாய் கவ்வியதைப் பார்த்தால் இரண்டு இறகு போனது போலத்தான் இருக்கும். நம்பாதே. இறகுக்கடியில் பல் இறங்கிய ஓட்டை இருக்கும். சுற்றி இறகைக் கத்தரி, ஆறிய உப்பு வெந்நீரால் கழுவு, ஐயோடின் மருந்து போடு. ஆழமாக இருந்தால் தைக்க வேண்டியிருக்கும், டாக்டரிடம் காட்டு. காயம் ஆறும்வரை வீட்டுக்குள் கூடை போட்டு வை. வெளியே விட்டால் ஈ மொய்த்து இரண்டு நாளில் புழு வைத்துவிடும். மற்றக் கோழிகளும் சும்மா இருக்காது. ரத்தச் சிவப்பைக் கண்டால் கூடப்பிறந்தது என்றுகூடப் பார்க்காமல் கொத்தும்.

பாப்பா கோழிக்கு முத்தம் கொடுக்கிற வீடியோ பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் வேண்டாம். கோழியைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லிக்கொடு. திடீரென்று ஒரே நாளில் நாலைந்து செத்தால் யாரும் தொடாதீர்கள், அறுத்துத் தின்னவும் கூடாது. கால்நடை ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிடு.

சாம்பல் பச்சைப் பையில், கிளிஞ்சல் ஹார்லிக்ஸ் பாட்டிலில். தூக்குவாளியில் கருவாட்டுக் குழம்பு, அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள். வாளியைத் திருப்பி அனுப்பு, போன தடவைப் பித்தளை வாளியும் உன்னிடம்தான் இருக்கிறது.

அப்பா வந்ததும் நேரே கூண்டுக்குத்தான் போவார், தடுக்க முடியாது. திரும்பிப் பஸ் ஏறும் முன் காலையும் செருப்பையும் சோப்புப் போட்டுக் கழுவச் சொல். மறக்காதே, இங்கே என்னிடம் பதினாலு இருக்கிறது.

அம்மா