ஞாயிறு மாலை டார்ச் செய்முறை வகுப்பு

உறுப்பினர்களுக்கு வணக்கம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் தாக்கியபின் நம் மாவட்டத்தின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள் என்பதால், வரும் ஞாயிறு மாலை 4 மணிக்கு நமது தெரு நூலகத்தில் பிள்ளைகளுக்கு டார்ச் செய்யக் கற்றுத்தரவுள்ளோம்.

1.5 வோல்ட் பென்சில் பேட்டரி இரண்டு, வெள்ளை எல்இடி ஒன்று, பிளாஸ்டிக் குழாய்த் துண்டு, ஒயர், டேப் ஆகியவற்றைக் கொண்டுவரவும். பேட்டரிகளை வரிசையாக இணைத்தால் கிடைக்கும் 3 வோல்ட்டில் எல்இடி எரியும். அதன் நீளமான கால் நேர்முனையில் பட வேண்டும். மாற்றி வைத்துவிட்டு, எரியவில்லை என்று தூக்கி எறிய வேண்டாம் (சென்ற முறை நான் எறிந்தேன்). 9 வோல்ட் பேட்டரியில் நேரடியாக இணைத்தால் எல்இடி கருகிவிடும். சுவிட்சாகப் பயன்படும் தகரத் துண்டு நம் கடற்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்குமாதலால், உப்புத்தாளும் ஒரு துண்டு எடுத்துவரவும்.